‘பேசத்தானே செய்றான், அப்புறம் எப்படி மூச்சு முட்டும்?’: போலீஸ் பிடிகளின் பாதுகாப்பைப் பற்றி வாதிடும் முறை

போலீஸ் கட்டுப்படுத்தும் முறைகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் இரண்டு வாக்கியங்கள் வந்துவிடும். "பயிற்சியில எத்தனையோ பேருக்கு இந்தப் பிடியைப் போட்டிருக்கோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை" என்பது ஒன்று. "அது பிடியே இல்ல, கொலை" என்பது மற்றது. இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கும். அதற்கு மேல் பேச்சு நகராது. இரு தரப்பும் பிடியை மட்டும் தனியே பிய்த்து வைத்துக்கொண்டு அது நல்லதா கெட்டதா என்று கேட்பதுதான் சிக்கல். கேட்க வேண்டியது வேறு: யாருடைய உடம்பில், எதற்குப் பிறகு, எத்தனை நிமிடம், விலங்கு மாட்டியதும் என்ன செய்தார்கள்? நான்கில் கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகம். தயாரிப்பு நேரத்தில் பாதியை அதற்கே கொடுங்கள்.

பட்டிமன்றமோ, சட்டக் கல்லூரி வாதப் போட்டியோ, தொலைக்காட்சி விவாதமோ, காவலர் பயிற்சி வகுப்போ, எங்கே பேசினாலும் கீழே வருபவை உதவும். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் எடுத்தவை. பாடி கேமரா பதிவு, பிரேதப் பரிசோதனை முடிவு, மருத்துவர் சாட்சியம் மூன்றும் ஒரே வழக்கில் பொதுவெளியில் கிடைப்பது அங்கேதான்.

தலைப்பை முதலில் சரிசெய்யுங்கள்

"குப்புறப் படுக்கவைப்பது பாதுகாப்பானதா?" என்ற தலைப்பைக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கத்தி வைத்திருப்பவரைக் கீழே தள்ளி விலங்கு மாட்டும் இருபது வினாடிக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த இருபது வினாடியைக் காட்டியே மீதிப் பத்து நிமிடத்துக்கும் சம்மதம் வாங்கிவிடுவார்கள். "விலங்கு மாட்டிய பிறகும் ஒருவரைக் குப்புறவே வைத்திருக்கலாமா?" என்று மாற்றிக் கேளுங்கள். அப்போதுதான் இரு பக்கமும் ஏதாவது நிரூபிக்க வேண்டிவரும்.

அடுத்து, நான்கு கேள்விகளைக் கலக்காமல் வையுங்கள். சட்டப்படி சரியா? வேலைக்கு ஆகுமா? உடம்புக்கு ஆபத்தில்லையா? அந்த நேரத்தில் அது தேவைப்பட்டதா? எதிர்த்தரப்பு முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மூன்றாவதுக்கும் சொல்லிவிட்டது போல உட்காரும். அமெரிக்காவில் இதற்குக் கைகொடுப்பது கிரஹாம் எதிர் கானர் என்ற 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பலப்பிரயோகத்தை, அந்த இடத்தில் நின்ற நியாயமான அதிகாரியின் பார்வையிலிருந்து அளக்க வேண்டும், பின்னால் வந்த அறிவைக் கொண்டு அளக்கக் கூடாது என்றது அது. அதிகாரிக்குத் தண்டனை தருவதா என்று முடிவுசெய்ய அந்த அளவுகோல் போதும். ஒரு முறையைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கலாமா என்று முடிவுசெய்ய அது உதவாது. அங்கே பின்னால் வந்த அறிவைத்தான் பயன்படுத்தியாக வேண்டும், வேறு எதைப் பயன்படுத்துவது? போகிறபோக்கில் ஒன்று: அந்த வழக்கின் கிரஹாம் சர்க்கரை நோயாளி. இன்சுலின் காரணமாகச் சர்க்கரை தாழ்ந்ததால் ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்கு ஓடினார், நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்தார். அந்த ஓட்டத்தைச் சந்தேகப்பட்டுத்தான் பிடித்தார்கள்.

இந்தியாவில் இதற்கு இணையான வரி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 46ஆம் பிரிவு; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 49ஆக இருந்தது. தப்பிச் செல்வதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. சின்ன வரிதான். ஆனால் "தப்பிக்க முடியாத நிலை வந்த பிறகு நடந்ததெல்லாம் எந்தக் கணக்கு?" என்று கேட்க இது ஒன்றே போதும்.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் நேராக லாக்கப்புக்குள் போய்விடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜுக்கும் பென்னிக்ஸுக்கும் நடந்தது சித்திரவதை. அதைக் கட்டுப்படுத்தும் முறை என்ற பெயரில் விவாதிக்கக் கூடாது, விவாதித்தால் அதற்கு ஒரு தொழில்நுட்ப மரியாதை கிடைத்துவிடும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்து" கை முறிந்து மாவுக்கட்டோடு வரும் புகைப்படங்களும் அப்படியே. அவை தண்டனை பற்றிய பேச்சு. இங்கே நாம் எடுத்துக்கொள்வது, திமிறும் ஒருவரைப் பிடித்து நிறுத்தியே ஆக வேண்டிய கட்டம். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "அப்போ ரவுடியைப் பிடிக்கவே கூடாதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே உங்கள் நேரம் கரைந்துவிடும்.

மூச்சின் கணக்கைப் படித்துக்கொண்டு போங்கள்

தலைப்பில் உள்ள வாக்கியம் எல்லா நாட்டிலும் ஒலிப்பது. 2014 ஜூலையில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் போலீஸ் கழுத்துப் பிடி போட்டு வீழ்த்தி, பின் இறந்துபோன எரிக் கார்னர் 11 முறை "என்னால் மூச்சுவிட முடியவில்லை" என்றார். பேச முடிந்தவருக்கு மூச்சும் இருந்திருக்கும் என்று பின்னர் வாதிட்டவர்கள் உண்டு. இதை உடைக்க இரண்டு எண்கள் போதும். இயல்பாக இருக்கும் பெரியவர் ஒரு மூச்சில் உள்ளே இழுப்பது ஏறத்தாழ 500 மில்லி. அதில் சுமார் 150 மில்லி தொண்டை, மூச்சுக்குழாய், கிளைக்குழாய்களிலேயே தங்கிவிடும், இரத்தத்துடன் வாயு மாற்றம் நடக்கும் நுண்ணறைகளுக்குப் போய்ச் சேராது. மூச்சு 150, 200 மில்லியாகச் சுருங்கிவிட்டவரின் இரத்தத்துக்குக் கிட்டத்தட்ட எதுவும் போவதில்லை. ஆனால் குழாயில் நிற்கும் அந்தக் காற்று வெளியேறும்போது குரல்நாணை அதிரவைக்கும், நாலு சொல் வரும். பேச்சு என்பது வெளிமூச்சின் வேலை. காற்று வெளியே வருகிறது என்பதுதான் அதிலிருந்து தெரியும், நுரையீரல் நிறைகிறது என்று தெரியாது.

பிறகு குப்புற நிலை. மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கும், வயிறு முன்னால் தள்ளும், விலா எலும்புகள் விரியும். வயிறு தரையில் அழுந்தினால் முதல் இரண்டும் தடைபடும். தொப்பை இருந்தால் இன்னும் மோசம், குடல் முழுவதும் உதரவிதானத்தை மேலே தள்ளும். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் விலங்கில் இருந்தால் முழங்கையை ஊன்றி மார்பைத் தூக்கிக்கொள்ளவும் வழியில்லை. இதற்கு மேல் ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றினால் விலா விரியும் இடமும் போகும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். வாதத்தில் தோற்பதும் இங்கேதான், ஏனென்றால் எதிர்த்தரப்பிடம் ஆக்ஸிஜன் அளவு குறையவில்லை என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. விட்டுப்போன கண்ணி அமிலம். ஓடி, சண்டையிட்டு, திமிறியவரின் தசைகள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு இயல்பாக 7.35க்கும் 7.45க்கும் இடையே இருக்க வேண்டும்; அமிலம் கூடினால் அது இறங்கும். அமிலம் ஏறினால் உடம்பு அதைச் சமாளிக்கும் முக்கியமான உடனடி வழி, வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றுவது. மாடிப்படி ஏறியதும் நமக்கு வாங்குகிற மூச்சு அதுதான். அந்த நேரத்தில் ஒருவருக்கு இயல்பான அளவு மூச்சு கிடைத்தால் போதாது, இயல்பைப் போலப் பல மடங்கு வேண்டும். அதைத் தடுத்தால் பிஎச் சரிந்து இதயம் நின்றுவிடும். இப்படி நின்றவர்களிடம் 7க்குக் கீழே போன அளவுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. விரல்நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கருவி இதை முன்கூட்டிக் காட்டாது.

மூச்சுக்குத் திணறுகிறவர் முதுகை நெளிப்பார், காலை உதைப்பார், தோளைத் திருப்பிப் புரளப் பார்ப்பார். மேலே இருப்பவருக்கு அது எதிர்ப்பாகத் தெரியும். அழுத்தத்தைக் கூட்டுவார். நெளிதல் கூடும், மறுபடியும் அழுத்தம் கூடும். கடைசியில் உடம்பு அடங்கும், "ஒருவழியா அடங்கிட்டான்" என்பார்கள். மிருகத்தனமான அதிகாரி தேவையில்லாமலே ஒரு மரணம் நடந்துவிட முடியும் என்பதை அவையோருக்குப் புரியவைக்க இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. எதிரே காவல்துறையினர் உட்கார்ந்திருந்தால் கட்டாயம் இதைச் சொல்லுங்கள், தற்காத்துக்கொள்ளும் அவசியமில்லாமல் கேட்பார்கள்.

குப்புற நிலையை மட்டும் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். 2004இல் இங்கிலாந்தின் ரெயின்ஸ்ப்ரூக் இளையோர் தடுப்பு மையத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தது உட்கார்ந்த நிலையில். எடை சுமார் 41 கிலோ. இரண்டு பெரியவர்கள் இருபுறமும் அமர்ந்து அணைத்தபடி முன்னால் வளைக்கும் அந்தப் பிடி அரசு ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தில் இருந்தது, பிறகுதான் கைவிட்டார்கள். 2010 அக்டோபரில் ஹீத்ரோ விமான நிலையத்தில் நாடு கடத்தப்படவிருந்த ஜிம்மி முபெங்கா விமான இருக்கையிலேயே இறந்தார். கைகள் பின்னால் விலங்கில், தலை முன்னால் குனிக்கப்பட்ட நிலை. 2013இல் இறப்பு விசாரணை ஜூரிகள் சட்டவிரோதக் கொலை என்றார்கள், 2014இல் அவரைப் பிடித்திருந்த மூன்று தனியார் பாதுகாவலர்களையும் குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தது. முன்னால் மடங்கும் உடம்பிலும் வயிறு நசுங்கும், அவ்வளவுதான் விஷயம்.

கழுத்துப் பிடியில் இரண்டு வகை. முழங்கை வளைவுக்குள் தொண்டையின் முன்பகுதி சிக்கினால் மூச்சுக்குழாய் அடையும். கழுத்தின் இருபக்கமும் அழுத்தி மூளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்தால் பத்து வினாடி அளவில் மயக்கம் வரும். இரண்டாவது வகை முறையாகச் செய்தால் ஆபத்தில்லை என்று கான்சாஸ் சிட்டி போலீஸ் பயிற்சி மரபிலிருந்து ஒரு வாதம் வந்தது. அதற்கு எதிர்க்கேள்வி: திமிறுகிறவர் தலையை ஒரு அங்குலம் திருப்பினால் இரண்டாவது வகை முதல் வகையாக மாறிவிடாதா? பயிற்சி அறைப் பாயில் தலை திருப்பாத கூட்டாளிக்கும், இருட்டில் உயிருக்குப் பயந்து திருகுகிறவருக்கும் உள்ள தூரம் அந்த ஒரு அங்குலம்.

ஆய்வுகளை இரு பக்கத்திலிருந்தும் எடுங்கள்

1988இல் டொனால்ட் ரே குழு 10 பேரை ஓடவைத்துக் கைகால் சேர்த்துக் கட்டிப் படுக்கவைத்தபோது, உடம்பு மீண்டுவர அதிக நேரம் பிடித்தது. 1997இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ குழு ஆரோக்கியமான ஆண்கள் 15 பேரை இன்னும் நுட்பமாகச் சோதித்தது. நுரையீரல் கொள்ளளவு குறைந்தது, ஆனால் மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்க ஆக்ஸிஜன் குறைவு இல்லை என்று கண்டார்கள். அடுத்த ஆண்டுகளில் முதுகில் எடை வைத்தும் சோதித்தார்கள். நீதிமன்றங்களில் காவல்துறைத் தரப்பு திரும்பத் திரும்பக் காட்டுவது இந்த வரிசையைத்தான்.

இவற்றைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள், பொய் இல்லை. எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். தன்னார்வலருக்கு எப்போது வேண்டுமானாலும் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை உண்டு. அவர் போதையில் இல்லை, பயத்தில் இல்லை, பத்து நிமிடம் கட்டிப்புரண்டு சண்டையிடவில்லை. எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. எனவே யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்கள் அத்தனை பேரும் ஆய்வுக்கு வெளியே நிற்கிறார்கள்.

கூடவே ஒரு சின்னக் கணக்கு. சோதித்த ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை என்றால் ஆபத்து பூஜ்யம் என்று அர்த்தமாகாது. எண்ணிக்கை பெரிதாக இருக்கையில், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்தால், 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு ஆபத்தின் மேல்வரம்பு கிடைக்கும். 1,000 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்கூட உண்மை ஆபத்து ஆயிரத்துக்கு மூன்று வரை இருக்கலாம். 15 பேருக்கு இந்தச் சுருக்கவழி கொஞ்சம் தளரும். சரியாகப் போட்டால் 18 விழுக்காடு வரும். இப்போது "பயிற்சியில எத்தனையோ பேருக்கு" என்ற வாக்கியத்தைத் திரும்ப எடுங்கள். எத்தனை பேர் என்று எண் கேளுங்கள். 500 என்றால் ஆயிரத்துக்கு ஆறு வரை ஆபத்து இருக்க அந்த அனுபவம் இடம் தருகிறது என்று பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

அதே கணக்கு உங்களையும் கடிக்கும். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2024இல் வெளியிட்ட புலனாய்வு, 2012 முதல் 2021 வரை அமெரிக்காவில் உயிரைப் பறிக்காது என்று கருதப்படும் முறைகளைப் போலீஸ் பயன்படுத்திய பிறகு 1,036 பேர் இறந்ததாகச் சொன்னது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்ற கீழ்த்தொகை இல்லாமல் அது விகிதமாகாது. எதிர்த்தரப்பு கேட்கும் முன்பே அதை ஒப்புக்கொண்டு, "விகிதம் சிறியதாகவே இருக்கட்டும், நொடிக்கணக்கில் தவிர்க்கக்கூடிய மரணத்தை எதற்கு ஏற்க வேண்டும்?" என்று நகருங்கள். ஏனென்றால் பரிகாரம் மலிவானது. 1995இலேயே அமெரிக்க நீதித்துறையின் அறிவுறுத்தல் ஒன்று, விலங்கு மாட்டியதும் வயிற்றிலிருந்து திருப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டது.

மரணக் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது

அமெரிக்கப் பிரேதப் பரிசோதனை முடிவில் இரண்டு தனித்தனிக் கூறுகள் உண்டு: மரணத்துக்கான காரணம், மரணத்தின் வகை. வகையில் வரும் ‘ஹோமிசைட்’ என்ற சொல்லைக் கொலை என்று மொழிபெயர்த்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். மருத்துவர் சொல்வது, பிறர் செயலால் நேர்ந்த மரணம் என்பது மட்டுமே. குற்றமா இல்லையா என்பது நீதிமன்றத்தின் பாடு. "பிறர் செயலால் நேர்ந்தது" என்றே சொல்லுங்கள். வலு குறையாது, குறுக்கு விசாரணையில் பிடியும் கொடுக்காது.

அடுத்து, ‘எக்ஸைட்டட் டெலிரியம்’ என்ற பதம். வெறிபிடித்த நிலையில் தானாகவே இதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் சொன்னார்கள். 1980களில் மயாமியில், சந்தேக மரணங்களை ஆராயும் மருத்துவப் பரிசோதகரான சார்லஸ் வெட்லி போன்றோர் பரப்பிய கருத்து இது. அதே ஊரில் கருப்பினப் பெண்கள் பலரின் மரணத்தைக் கொக்கைனும் உடலுறவும் சேர்ந்த விளைவு என்று அவர் விளக்க, பின்னர் அவை தொடர்கொலைகள் என்று தெரியவந்தது. 2023இல் அமெரிக்க மருத்துவப் பரிசோதகர் சங்கம் இந்தப் பதத்தைக் கைவிட்டது, அவசர சிகிச்சை மருத்துவர்களின் அமைப்பு அதை ஆதரித்த 2009ஆம் ஆண்டுத் தன் ஆவணத்தைத் திரும்பப் பெற்றது, கலிஃபோர்னியா மாநிலம் மரணக் காரணமாக அதை எழுதவே தடை போட்டது. 2023க்கு முந்தைய அறிக்கையை யாராவது எடுத்துக்காட்டினால் முதலில் இதைத் தேடுங்கள்.

ஆனால் பதம் செத்தாலும் அந்த நிலை சாகவில்லை. போதையிலோ மனநோயின் உச்சத்திலோ, உடல் கொதிக்க, சொல்வது காதில் ஏறாமல் ஓடும் மனிதர்கள் நிஜமாகவே உண்டு. காவலர்கள் அவர்களைச் சந்திக்கிறார்கள். அதை மறுத்தால் அனுபவமுள்ள எந்தக் காவலரும் உங்களை அடுத்து ஒரு வாக்கியம் கேட்கமாட்டார். "அந்த நிலையில் இருப்பவருக்குத்தான் மூச்சு அதிகம் வேண்டும், அவரைத்தான் நீங்கள் குப்புற அழுத்துகிறீர்கள்" என்று திருப்புங்கள்.

வகைப்படுத்தலே சாய்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதற்கு மேரிலாண்ட் உதாரணம். மினியாபொலிஸில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்த வழக்கில் போலீஸ் அதிகாரியின் தற்காப்புத் தரப்புக்காகச் சாட்சி சொன்ன டேவிட் ஃபௌலர் அந்த மாநிலத்தின் முன்னாள் தலைமை மருத்துவப் பரிசோதகர். சாட்சியத்துக்குப் பிறகு 400க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அவர் காலத்துக் காவல் மரணங்களில் 87ஐ மறுஆய்வு செய்து 2025இல் வெளியிட்ட தணிக்கையில், 36 மரணங்களைப் பிறர் செயலால் நேர்ந்தவை என்றே வகைப்படுத்தியிருக்க வேண்டும் என்று மறுஆய்வாளர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

காணொளியிலிருந்து நேர அட்டவணை

எந்தச் சம்பவத்தை எடுத்தாலும் ஒரு தாளில் நேரக்கோடு போடுங்கள். கை பட்ட வினாடி, தரையில் விழுந்த வினாடி, விலங்கு பூட்டிய வினாடி, கடைசிச் சொல், கடைசி அசைவு, நாடி பார்த்தது, பக்கவாட்டில் திருப்பியது, நின்ற இதயத்துக்கான முதலுதவியாக மார்பு அழுத்தம் (சிபிஆர்) தொடங்கியது. எட்டுக் குறிகள் போதும். விலங்கு பூட்டியதற்கும் திருப்பியதற்கும் இடைவெளி எவ்வளவு, கடைசி அசைவுக்கும் மார்பு அழுத்தத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று இரண்டு கழித்தல் செய்தால் விவாதத்தின் முதுகெலும்பு கையில் இருக்கும். இரண்டாவது இடைவெளிக்கு அளவுகோல்: இரத்த ஓட்டம் நின்ற மூளை நான்கு முதல் ஆறு நிமிடத்தில் சேதமடையத் தொடங்கும்.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்த வழக்கில் அரசுத் தரப்பு இதைத்தான் செய்தது. போலீஸ் அதிகாரி டெரக் ஷாவினின் முழங்கால் ஃப்ளாய்ட் மேல் இருந்த 9 நிமிடம் 29 வினாடியை மூன்றாகப் பிரித்தார்கள்: உதவி கேட்டுக் கத்திய 4 நிமிடம் 45 வினாடி, துடித்த 53 வினாடி, அசைவற்றுக் கிடந்த 3 நிமிடம் 51 வினாடி. முதல் பகுதியைப் பற்றி ஆயிரம் விளக்கம் சொல்லலாம். மூன்றாம் பகுதிக்கு விளக்கமே இல்லை. கட்டுப்படுத்த அங்கே யாரும் மிச்சமில்லை. உடனிருந்த இளைய அதிகாரி ஒருவர் பக்கவாட்டில் திருப்பலாமா என்று கேட்டதும் பதிவில் இருக்கிறது. வழி தெரியாமல் நடந்தது என்ற வாதத்தை அந்த ஒரு கேள்வி அடைத்துவிடுகிறது.

எச்சரிக்கை ஒன்று. உலகம் முழுக்க மௌன அஞ்சலிகளில் ஒலித்த எண் 8 நிமிடம் 46 வினாடி. அது தொடக்கக் குற்றப்பத்திரிகையிலிருந்து வந்தது, தவறானது. இன்றைக்கும் மேடைகளில் அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே எண்ணில் மொத்த நம்பகத்தன்மையும் போகும். ஒரே கோணத்தையும் நம்பாதீர்கள். முழங்கால் இருந்தது கழுத்திலா தோள்பட்டையிலா என்று அந்த வழக்கிலேயே கேமராக் கோணத்தை வைத்து வாதம் நடந்தது. கழுத்தா தோளா என்பதில் சிக்கிக்கொள்ளாமல், இரண்டும் மூச்சைக் கெடுக்கும் என்ற இடத்துக்கு நுரையீரல் நிபுணர் மார்ட்டின் டோபின் சாட்சியத்தைக் கொண்டுபோனார். நீங்களும் அந்த வழியைப் பிடிக்கலாம்.

டேசரும் மாற்று முறைகளும்

கம்பியோடு முள்ளைப் பாய்ச்சி மின்னதிர்ச்சி தரும் டேசர் துப்பாக்கியைப் பற்றி 50,000 வோல்ட் என்று தொடங்குகிறவர் தயாராகாமல் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது காற்று இடைவெளியைத் தாண்டும் உச்ச மின்னழுத்தம், உடம்புக்குள் பாய்வதை அது சொல்லாது. கேட்க வேண்டியவை மூன்று. எங்கே நின்றவர் மேல்? தசை இறுகிய ஆள் கையை ஊன்றாமல் மரம்போலச் சாய்வார், கான்கிரீட்டிலும் படிக்கட்டிலும் தலை அடிபட்டே இறக்க முடியும். எந்த இடத்தில் முள் குத்தியது? 2009இல் தயாரிப்பு நிறுவனமே மார்பைக் குறிவைப்பதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. எவ்வளவு நேரம்? ஒரு சுற்று 5 வினாடி, மொத்தம் 15 வினாடியைத் தாண்டக் கூடாது என்பது 2011ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல். 2016இல் இங்கிலாந்தின் டெல்ஃபர்டில் முன்னாள் கால்பந்து வீரர் டாலியன் அட்கின்சன் மேல் விடாமல் 33 வினாடி பாய்ச்சினார்கள், பிறகு தலையில் உதை. அந்த அதிகாரி 2021இல் தண்டிக்கப்பட்டார்.

ஒரு முறையைத் தடைசெய்யச் சொல்லும்போது அந்த இடத்துக்கு என்ன வரும் என்று சொல்லியாக வேண்டும். இங்கேதான் தடை கேட்கும் தரப்பு வழுக்கும், காவல்துறைத் தரப்பின் மிக நல்ல வாதமும் இதுவே. லாஸ் ஏஞ்சலஸில் 1975க்குப் பிறகு கழுத்துப் பிடியால் 16 பேர் இறந்ததாக, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1983ஆம் ஆண்டு லையன்ஸ் வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி மார்ஷல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே நகரம் அந்தப் பிடியைப் பெருமளவு நிறுத்தியது. கைவசம் மிஞ்சியது தடி. 1991 மார்ச்சில் அந்நகரப் போலீஸ் மடக்கிய ராட்னி கிங் மேல் விழுந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட அடிகளை, கழுத்துப் பிடி இல்லாததன் விளைவு என்றே சிலர் நியாயப்படுத்தினார்கள். அந்த நியாயத்தை நாங்கள் ஏற்கவில்லை. தரையில் கிடப்பவரை அத்தனை முறை அடிக்க எந்தத் தடையும் யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

"டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற பதிலும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. 2019இல் கொலராடோவின் அரோராவில் எலைஜா மெக்லெய்னுக்குக் கழுத்துப் பிடி போட்ட பிறகு, துணை மருத்துவர்கள் 500 மில்லிகிராம் கெட்டமைன் என்ற மயக்க மருந்தைப் போட்டார்கள். எடை சுமார் 65 கிலோ. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அவர்களது விதிப்படியே 325தான் வந்திருக்க வேண்டும். கண்ணளவில் எடையைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள். 2023 இறுதியில் இரு துணை மருத்துவர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

நீங்கள் முன்வைக்கும் மாற்று இப்படி இருந்தால் நிற்கும்: தரையில் வீழ்த்துவது அனுமதி, முதுகில் எடை விலங்கு பூட்டும்வரை மட்டும், அதுவும் இடுப்பிலும் தோளிலும், பூட்டியதும் பக்கவாட்டில் திருப்புவது அல்லது நிமிர்த்தி உட்காரவைப்பது, கூட்டத்தில் ஒருவர் வேறெதுவும் செய்யாமல் தலைமாட்டில் நின்று மூச்சையும் நிறத்தையும் பேச்சையும் மட்டும் கவனிப்பது. கடைசியாகச் சொன்ன அந்த ஆளுக்கு, பதவியில் மூத்தவரையும் "விடுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மினியாபொலிஸில் அந்த இளைய அதிகாரி கேட்டதுபோல, கேள்வியாகவே நின்றுபோகும்.

"எல்லாரும் தப்பிக்க அப்படித்தான் மூச்சு முட்டுதுன்னு சொல்வாங்க" என்று வரும். நடிக்கிறவர்கள் உண்டு என்று ஒத்துக்கொள்ளுங்கள். விலங்கு பூட்டிய நடிகரை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இழப்பு சில வினாடிகள், அவர் எங்கும் ஓடிவிட முடியாது. நடிக்காதவரை அப்படியே வைத்தால் இழப்பு என்ன என்று அவையே சொல்லிக்கொள்ளட்டும்.

மேடையில் யாருக்கும் பிடி போட்டுக் காட்டாதீர்கள், எதிர்த்தரப்பு அழைத்தாலும் போகாதீர்கள். கழுத்துப் பிடியை விளையாட்டாகக்கூட வேண்டாம். மேலும், குப்புறப் படுக்கவைத்துக் காட்டும் பத்து வினாடி செய்முறையில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்த அவை "ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டுக்குப் போகும். கையில் கடிகாரம் போதும்.

உள்ளூர் நேர்வை எடுத்தால்

பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையங்களில் ஒலியுடன் கூடிய சிசிடிவி வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டு என்றது. சாத்தான்குளத்தில் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) கண்டது அதற்குச் சில மாதம் முன்பு. கைதுக்கான நெறிகளை வகுத்த உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பின்படி கைதுக் குறிப்பு, காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. காவல் மரணம் என்றால் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்தில் தகவல், நடுவர் விசாரணை, பிரேதப் பரிசோதனையின் வீடியோ பதிவு. இவற்றில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று இரண்டு வரிசையாக எழுதிக்கொண்டு பேசுங்கள். கிடைக்காதவற்றின் வரிசை பல நேரம் நீளமாக இருக்கும், அதைப் படித்துக் காட்டினாலே போதும். கைவிலங்கு பற்றிப் பேசினால் வழக்கமாக விலங்கு மாட்டக் கூடாது என்ற பிரேம் சங்கர் சுக்லா வழக்கின் 1980ஆம் ஆண்டுத் தீர்ப்போடு நிறுத்தாதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43(3) பிரிவு சில வகைக் குற்றங்களுக்கு விலங்கை அனுமதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அது அமலில் இருக்கிறது.

கடைசியாகத் தேதிகளை ஒருமுறை சரிபாருங்கள். எந்த நாட்டுச் சம்பவமானாலும், அன்றைக்கு அமலில் இருந்த விதியைத் தேடி எடுங்கள், இன்றைய விதியை எடுக்காதீர்கள். கார்னரைப் பிடித்த பிடியை நியூயார்க் போலீஸ் தன் விதியில் 1993லேயே தடைசெய்திருந்தது. மினியாபொலிஸிலோ 2020 மே 25 அன்று சில நிபந்தனைகளோடு கழுத்துப் பிடிக்கு அனுமதி இருந்தது, தடை வந்தது ஜூனில். முதல் நேர்வில் விதி மீறப்பட்டது என்று வாதிடலாம். இரண்டாவதில் விதியையே கூண்டில் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் தயாரிப்பு வேறு, கேட்கும் பரிகாரமும் வேறு.